போனில் பிரவுசரை மாற்றிப் பாருங்கள்

செய்தி படிக்கத் திறந்தால் நாலு வரிக்கு ஒரு விளம்பரம் குறுக்கே நிற்கிறதா? மூடப் போனால் வேறு எங்கோ இழுத்துப் போகிறதா? பிரவுசரை மாற்றினாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசர் நீட்சிகளை (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு கூடுதல் வசதிகள், extensions) ஏற்காது, ஃபயர்பாக்ஸ் பிரவுசர் ஏற்கும். பிளே ஸ்டோரிலிருந்து ஃபயர்பாக்ஸை இறக்கி, மெனுவில் நீட்சிகள் பகுதிக்குப் போய் 'யுபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள். இலவசம்தான். விளம்பரம் இறங்காததால் பக்கம் சட்டென்று திறக்கும், டேட்டாவும் மிச்சம். அம்மாவின் பழைய போனில் நான் முதலில் செய்து கொடுத்ததே இதைத்தான். வயதானவர்கள்தான் பொய் விளம்பரங்களைத் தெரியாமல் தொட்டுவிடுகிறார்கள். (ஐபோன் ஃபயர்பாக்ஸில் நீட்சி வசதி இல்லை.)

கணினியிலும் இதே கதைதான். குரோம் நீட்சிகளுக்கான விதியை மாற்றிய பிறகு யுபிளாக் ஆரிஜின் அதில் ஓடுவதில்லை, ஃபயர்பாக்ஸில் ஓடுகிறது. தவிர, ஒரு தளத்தில் விழும் குக்கீயை (நம்மை அடையாளம் காண பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு குறிப்பு) அடுத்த தளத்தில் எட்டிப் பார்க்க முடியாதபடி ஃபயர்பாக்ஸ் 2022 முதல் தானாகவே பிரித்து வைக்கிறது. செருப்பு வாங்கப் பார்த்தால் போகிற இடமெல்லாம் செருப்பு விளம்பரம் துரத்துவது இதனால் குறையும்.

அப்புறம், பழைய பிரவுசரை உடனே நீக்காதீர்கள். கடவுச்சொற்கள் அதில் இருக்கும், சில வங்கித் தளங்களும் புதியதில் முரண்டு பிடிக்கலாம். ஒரு வாரம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் போன் செட்டிங்கில் ஃபயர்பாக்ஸை இயல்பு பிரவுசராக மாற்றிவிடுங்கள்.