மாசியிலேயே மூட்டை கட்டாதீர்கள்: தோட்டத்து வலசைப் பறவைகளைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, அந்தச் சூட்டோடு பைனாகுலர் வாங்குபவர்கள் தாம்பரம் பக்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். நல்ல சங்கதிதான். ஆனால் மாசி பிறந்ததும் அவர்கள் செய்யும் காரியங்களைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதி, ஒரு காலத்தில் நானே செய்தவை. குளிர்கால விருந்தாளிகளின் பருவம் முடிந்தது, இனிமேல் புரட்டாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் மாசியும் பங்குனியும்தான் தோட்டத்தில் பரபரப்பான மாதங்கள். வந்தவை இன்னும் கிளம்பவில்லை. இலங்கையிலும் தென்கோடியிலும் தங்கியிருந்தவை வேறு வடக்கே திரும்பும் வழியில் நம் மரங்களில் இறங்கிப் போகின்றன.

பளிச்சென்ற சட்டை போடாதே, சத்தம் போடாதே என்பதையெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தானியம் வைத்துவிட்டுக் காத்திருப்பது

கம்பும் அரிசியும் வைத்தால் புறா வரும், சிட்டுக்குருவி வரும், கிளி வரும். வலசை வந்தவை வராது. நம் தோட்டத்துக்கு வரும் பழுப்புக் கீச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், கதிர்க்குருவிகள், ஆறுமணிக்குருவி எல்லாமே பூச்சி தின்பவை. பணத்தைத் தானியத்தில் போடுவதை விட ஓர் அகலமான மண்தட்டில் போடுங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல். செடி மறைவுக்கு அருகில் இருக்கட்டும், ஆனால் பூனை பதுங்கும் தூரத்தில் வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவினால் கொசுவும் பெருகாது.

சருகைக் கூட்டுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றே தடை இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடுகிறது. அதன்பிறகு சென்னை வட்டாரத்தில் மண் காய்ந்துகொண்டே போகும். மாசியில் வேம்பு இலையை உதிர்க்கத் தொடங்குகிறது. அந்தச் சருகுப் படுகையின் அடியில்தான் மிச்சமிருக்கும் ஈரம் தங்குகிறது. வண்டுப் புழு, கறையான், மரவட்டை, சிலந்தி எல்லாம் அங்கேதான் ஒதுங்குகின்றன. ஆறுமணிக்குருவி அலகால் இலையைப் புரட்டிப் புரட்டி இரை தேடும். செந்தலைப் பூங்குருவியும் அப்படித்தான். கொடிக்கால் வாலாட்டி, நிழலடியில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே நடந்து பொறுக்கும். இவை மூன்றுக்கும் சருகுதான் சோற்றுத் தட்டு.

அந்தத் தட்டை எப்போது பிடுங்குகிறோம் என்பதுதான் கொடுமை. வலசை கிளம்பும் பறவை அதற்குமுன் சில வாரங்கள் விடாமல் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றுகிறது. இரவுகளில் நெடுந்தூரம் பறக்க அந்தக் கொழுப்புதான் எரிபொருள். வேலிப் புதரில் ‘சக்… சக்’ என்று கத்திக்கொண்டிருக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவியின் எடை ஏறக்குறைய 10 முதல் 12 கிராம். அது முட்டையிடப் போகும் இடம் பின்லாந்திலிருந்து ரஷ்யா வழியாக மத்திய ஆசியா வரை பரந்து கிடக்கிறது. ஆறுமணிக்குருவி அவ்வளவு தூரம் போவதில்லை. இமயமலை அடிவாரமும் மத்திய இந்தியக் காடுகளும் அதற்குப் போதும். அதுவும் சும்மா கிடைக்கும் தூரமில்லை. இவை வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டிய அந்த வாரங்களில்தான் நம்மவர்கள் கூட்டுமாறோடு இறங்குகிறார்கள்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கொல்லையில் சப்போட்டா மரம், அதையொட்டி மருதாணி வேலி, பல வருடமாக யாரும் கைவைக்காத மூலை. ஐப்பசியில் ஓர் ஆறுமணிக்குருவி அங்கே வந்து குடியேறியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய லென்ஸ் வாங்கினார். மாசி வரைக்கும் எடுத்த படங்களில் எல்லாம் குருவியின் முன்னால் ஓர் இலை, பின்னால் ஒரு குச்சி. அவருக்குப் பொறுக்கவில்லை. ஆள் வைத்து மருதாணியை இடுப்பளவுக்கு வெட்டினார், சருகை ஒரு துளி விடாமல் கூட்டி எரித்தார், தரையில் தண்ணீர் தெளித்தார், குருவி நின்று ‘போஸ்’ கொடுப்பதற்காகப் பாசி படிந்த ஒரு கட்டையைக் கொண்டுவந்து நட்டார். எல்லாம் தயார். குருவியைத் தவிர.

நான்கைந்து நாள் கழித்து என்னிடம் வந்து, “சார், இந்த வருடம் சீக்கிரமே வலசை கிளம்பிவிட்டது போலிருக்கிறதே!” என்றார். நோட்டுப் புத்தகத்தில் ‘புறப்பட்ட நாள்’ என்று தேதி வேறு எழுதி வைத்திருந்தார். அன்று மாலை அவரை அழைத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துக் காலிமனை அருகே நிறுத்தினேன். பொழுது சாயும் நேரத்தில் உள்ளேயிருந்து ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் கேட்டது. கருவேலமும் குப்பையும் மண்டிய மனை, எவரும் கூட்டாத மனை. பங்குனி முடியும் வரை அது அங்கேதான் இருந்தது. அவருடைய கட்டையில் ஒரு தவிட்டுக்குருவிகூட உட்காரவில்லை. பிறகு புழு வாங்கிப் போட்டுக் கூப்பிடலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பாம்பு வருமே என்பார்கள். நியாயமான கவலை. வீட்டுச் சுவரையும் நடைபாதையையும் ஒட்டிச் சில அடி அகலத்துக்குச் சுத்தமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லைக் கோடியில், நிழலில், ஒரு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். நான்கு விரற்கடை ஆழத்துக்குச் சருகு கிடக்கட்டும். சாயங்காலத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கையால் தெளித்தால் அடியில் ஈரம் நிற்கும். மற்ற இடத்துச் சருகையும் எரிக்காமல் இந்த மூலையிலேயே கொட்டுங்கள். வேலியை வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஆடி வரை பொறுங்கள். தையல்சிட்டின் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டினால், ஐப்பசியில் விருந்தாளிகள் வருவதற்குள் மீண்டும் தழைத்திருக்கும்.

குயில் வந்துவிட்டது என்று எழுதுவது

எங்கிருந்து வந்தது? ஆண்டு முழுவதும் உங்கள் அரசமரத்தில்தான் இருந்தது. வாயைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடை மாறியதைப் புது இனமாக்குவது

வசந்தத்தில் பழைய பறவைகள் புதுக்கோலம் போடுகின்றன. குளிர்காலம் முழுவதும் வெளிறிய தொண்டையோடு திரிந்த கரும்சாம்பல் வாலாட்டியின் ஆணுக்குக் கிளம்பும் முன் தொண்டை கறுக்கிறது. சோளக்குருவிகள் வந்தபோது அழுக்கு ரோஜா நிறத்தில் இருந்திருக்கும். இறகு நுனியிலுள்ள மங்கல் நிறம் தேய்ந்து உதிர, கல்யாண முருங்கை பூக்கும் நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும். தாடி முளைத்த பக்கத்துவீட்டுக்காரரைப் புதுக் குடித்தனம் என்று நினைப்பதுபோலப் பட்டியலில் ஓர் இனத்தைக் கூட்டிவிடாதீர்கள். உருவம், நடை, வால் அசைவு இவற்றை முதலில் பாருங்கள், நிறத்தைக் கடைசியில்.

செயலி சொன்னதை அப்படியே பதிவது

மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கின்றன. நல்ல உதவியாளர்தான், ஆனால் சாட்சியாக ஏற்காதீர்கள். கல்லூரி மாணவர் ஒருவர் தன் மொட்டைமாடியில் வைரி என்னும் வேட்டைப் பறவை கத்தியதாகப் பதிவு காட்டினார். போய்ப் பார்த்தால் மின்கம்பியில் ஒரு கரிச்சான். வைரியைப் போலக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை விட்டுப்போகும் இரையைக் கவ்விக்கொள்வதில் கரிச்சான் கைதேர்ந்தது. பங்குனியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் முன்னே சொன்ன நாணல் கதிர்க்குருவி கிளம்புவதற்கு முன் புதருக்குள் மெல்லப் பாடத் தொடங்கும், அந்தப் பாட்டில் பிற பறவைகளின் குரலையும் கலந்து விடும். செயலி ஒரு பெயரைக் காட்டினால், கண்ணால் பார்க்கும் வரை அது ஒரு துப்பு மட்டும்தான்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது

வேண்டாம். பசியோடிருக்கும் பறவையைச் சண்டைக்கு இழுக்காதீர்கள்.

வந்த நாளை மட்டும் குறிப்பது

முதலில் பார்த்த நாளை எல்லோரும் ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள். கடைசியாகப் பார்த்த நாள் எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். காரணம் எளிது: வருகை கண்ணில் படும், புறப்பாடு படாது. பழுப்புக் கீச்சான் வழக்கமாக உட்காரும் கிளையில் இன்று இல்லை என்றால் நாளை இருக்கலாம். ஆகவே இல்லாததையும் எழுத வேண்டும். மாசி தொடங்கியதும் காலையில் 15 நிமிடம் ஒரே இடத்தில் உட்காருங்கள். பார்த்த, கேட்ட எல்லாவற்றையும், காக்கை உட்பட, எழுதுங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் முழுப் பட்டியல் என்று குறித்து ஏற்றினால், அதில் கீச்சான் இல்லாததும் ஒரு தகவலாகிவிடும். பிடித்த பறவையை மட்டும் பதிந்தால் அந்தப் பயன் கிடைக்காது. இரண்டு வாரம் தொடர்ந்து காணாமல் போன பிறகு பின்னோக்கிப் பார்த்து, கடைசியாகக் கண்ட தேதியை வட்டமிடுங்கள். சித்திரை பாதி வரையாவது இதை விடாதீர்கள்; நாம் கைவிட்ட பிறகு ஒன்றிரண்டு எப்போதும் வந்து நிற்கும். தேதியோடு அன்று என்ன தின்றுகொண்டிருந்தது, எந்த மரம் பூத்திருந்தது என்றும் ஒரு வரி சேர்த்தால், அடுத்த ஆண்டு எங்கே பார்ப்பது என்று தேட வேண்டியிருக்காது.

அந்த அதிகாரி தன் நோட்டில் பழைய தேதியை அடித்துவிட்டு, ‘அடுத்த மனைக்குப் போன நாள்’ என்று திருத்தியிருக்கிறார். அதுவும் சரியான பதிவுதான்.

பூனை

மாசி முதல் சித்திரை வரை வீட்டுக்குள்.