பங்குனித் தளிரும் நாலு வயதுப் பிள்ளைகளும்

பிள்ளைகளுக்கு இளவேனிலைக் காட்டப் படம் தேடினால் ட்யூலிப் பூவும் உருகும் பனியும்தான் வந்து நிற்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அது எதற்கு? பங்குனியில் தெருமுனை அரசமரத்தைப் பாருங்கள். பழுத்த இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்விட்டு நிற்கும். கணக்குப்படி சித்திரை, வைகாசிதான் இளவேனில். ஆனால் அதற்குள் எல்.கே.ஜி.க்கு லீவு விட்டுவிடுவார்கள், அதனால் இந்த இலை விளையாட்டுகளைப் பங்குனியிலேயே தொடங்கிவிடலாம்.

முதலில் ஒரு நடை. காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து, கீழே கிடப்பதை மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். தளிரும் பச்சை இலையும் நீங்களே கொஞ்சம் பறித்துக்கொள்ளலாம். அரளி, எருக்கு பக்கம் போகவே வேண்டாம். இரண்டும் நஞ்சு, இந்த வயதில் கையில் இருப்பது வாய்க்குத்தான் போகும். வழியில் புங்கமரம் இருந்தால் அதிர்ஷ்டம்: அடியில் பூ உதிர்ந்து, பொரி இறைத்த மாதிரி கிடக்கும்.

வந்ததும் இலைகளைத் தரையில் வரிசைகட்ட வேண்டும். தளிரை ஒரு முனையிலும் சருகை மறுமுனையிலும் வைத்துவிட்டு நடுவை அவர்களிடம் விடுங்கள். வெளிர்பச்சைக்கு எந்த இடம் என்று சண்டை வரும். வரட்டும், தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்தது இலை அச்சு. இதற்கு முற்றிய அரச இலைதான் சரி. தளிர் நசுங்கும், சருகு நொறுங்கும். இலையைக் குப்புறப் போடுங்கள், நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான். ஒரு பொட்டு பசை வைத்து அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய வெள்ளைத்தாளைப் போடுங்கள். க்ரேயானைச் சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டு, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நுனியால் தேய்த்தால் கிறுக்கல்தான் மிஞ்சும். தாள் நகராமல் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை. நடுநரம்பு முதலில் தெரியும், அப்புறம் கிளை நரம்புகள், கடைசியில் இலை நுனியில் இருக்கும் அந்த நீண்ட வால். வால் வந்ததும் பிள்ளை போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

கடையில் விற்கும் ரெடிமேட் பூ அட்டைகள் தேவையில்லை. அதில் வெட்டுவதும் டீச்சர், ஒட்டுவதும் டீச்சர், பிள்ளைக்கு வேலையே இல்லை.

மறுநாள் தாழ்வான கிளையில் ஒரு தளிருக்குப் பக்கத்தில் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து, அன்றைக்கு இலை என்ன நிறமோ அந்த நிறத்தில் பிள்ளை ஒரு கட்டம் தீட்டட்டும். முழுப்பச்சை ஆனதும் நூலை அவிழ்த்துவிடுங்கள்.