பலியும் மீட்பும்: லேவியராகமத்தைத் தாண்டிக் குதிக்காமல் வாசிப்பது எப்படி?

வேதாகமத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும் பலரும் யாத்திராகமத்தில் செங்கடலைக் கடந்துவிடுகிறார்கள். பலிச் சட்டங்கள் நிறைந்த மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலிபீடத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். கடப்பவர்களிலும் பாதிப் பேர் ஆடு, இரத்தம் என்ற சொல் கண்ணில் பட்டதுமே சிலுவைக்குத் தாவிவிடுகிறார்கள். வேதபாட வகுப்பு நடத்தும் எனக்கு இந்த இரண்டாவது அவசரம்தான் அதிகக் கவலை தருகிறது. கிறிஸ்துவைத் தேவ ஆட்டுக்குட்டி என்று அறிக்கையிடுகிறவர்கள், அந்த ஆட்டுக்குட்டி எந்த வீட்டு வாசலில் முதலில் அடிக்கப்பட்டது என்று நின்று பார்க்க வேண்டாமா?

ஆகவே லேவியராகமத்தில் தொடங்காதீர்கள். யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். தொடங்கும் முன் ஒரு தாளின் தலைப்பில் இந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்: விடுதலை 12 முதல் 14 வரை, பத்துக் கட்டளைகள் 20-இல், ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரம் 25-லிருந்து, அதற்கும் பிறகுதான் லேவியராகமத்தின் பலிகள். எகிப்தை விட்டு வெளியே வந்துவிட்ட ஜனத்துக்குத்தான் பலிமுறைகள் கொடுக்கப்பட்டன. விடுதலையை விலைபேசி வாங்க அவர்கள் எதையும் பலிபீடத்தில் வைக்கவில்லை. இந்த வரிசையை மறந்தால் லேவியராகமம் முழுவதும் கோபக்காரத் தேவனுக்குக் கொடுக்கும் லஞ்சம்போலத் தோன்றும்.

12-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். முதலாம் மாதம் பத்தாம் தேதி ஆட்டைப் பிரித்தெடுக்க வேண்டும். பதினாலாம் தேதி மாலையில்தான் அடிக்க வேண்டும். ஒரு வயதுள்ள, பழுதற்ற ஆண்குட்டி. இடையில் உள்ள நாட்களில் அது அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் அதற்குத் தண்ணீர் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிறகு கிண்ணியில் இரத்தம், ஈசோப்புச் செடியின் கொத்து, வாசலின் நிலைக்கால்கள் இரண்டும் மேற்சட்டமும், விடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்ற கட்டளை. காலில் பாதரட்சை, கையில் தடி. அப்படியே தீவிரமாய்ச் சாப்பிட வேண்டும். அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் நல்லவர்களா என்று ஒரு வசனமும் கேட்கவில்லை. ‘இரத்தத்தை நான் கண்டு, உங்களைக் கடந்துபோவேன்’ என்பதே வாக்கு. 30-ஆம் வசனத்தில், தலைப்பிள்ளைகளை இழந்த எகிப்தில் எழும்பும் கூக்குரலையும் சத்தமாக வாசியுங்கள். நம்முடைய மீட்பின் கதையில் அடுத்த வீட்டு அழுகையும் எழுதப்பட்டிருக்கிறது. அதை மென்று விழுங்கிவிடக் கூடாது.

எலும்பு ஒன்றையும் முறிக்கக்கூடாது என்ற 46-ஆம் வசனத்தின் கீழ் கோடு போட்டு வையுங்கள். யோவான் 19:36-க்கு வரும்போது அது தேவைப்படும். இப்போதே அங்கே போகாதீர்கள்.

இனி லேவியராகமம் முதல் அதிகாரம். இதற்கு இரண்டு நிறப் பென்சில்கள் வேண்டும். பலி கொண்டுவருகிறவன் செய்வதை ஒரு நிறத்திலும், ஆசாரியன் செய்வதை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். மிருகத்தைக் கொண்டுவருகிறவன் அவன், அதன் தலைமேல் கை வைக்கிறவன் அவன், கொல்லுகிறவனும் அவனே. இரத்தத்தைத் தெளிப்பதும் நெருப்பைப் பேணுவதும் ஆசாரியரின் வேலை. காளையின் தலைச்சூடு உள்ளங்கையில் பட, அதே மனிதன் கத்தியை எடுக்கிறான். பாவத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டாலும் இந்த 4, 5-ஆம் வசனங்கள் சொல்லுவதுபோல எதுவும் சொல்லுவதில்லை.

ஐந்து வகைப் பலிகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லி யாரையும் வாட்ட வேண்டாம். 5-ஆம் அதிகாரத்தில் மட்டும் நில்லுங்கள். ஆட்டுக்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்னும் அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம். ஏழைக்கு மன்னிப்பு எட்டாமல் போகக் கூடாது என்று சட்டமே இறங்கி வருகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் செலுத்தும் பலியிலும் இதேபோல ஏழைக்கென ஒரு சலுகை உண்டு (12:8). லூக்கா 2:24-இல் மரியாளும் யோசேப்பும் எந்தப் பலியோடு ஆலயத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். அந்தப் பறவைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அடுத்து 16-ஆம் அதிகாரம், பாவநிவிர்த்தி நாள். ஏழாம் மாதம் பத்தாம் தேதி. பிரதான ஆசாரியனான ஆரோன் முதலில் தனக்காகவே ஒரு காளையைப் பலியிட வேண்டியிருக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களில் ஒன்று சாகிறது, அதன் இரத்தம் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனம்வரை போகிறது. மற்றொன்றின் தலைமேல் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட, அது உயிரோடே வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. தேவசமுகத்துக்கு உள்ளே போகும் ஒன்று, பாவத்தைச் சுமந்து வெளியே போகும் ஒன்று. கிறிஸ்து இவ்விரண்டையும் நிறைவேற்றினார் என்பது என் விசுவாசம். பலியின் உடல்கள் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்டதை எடுத்துக்கொண்டு, இயேசு நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டதை எபிரெயர் 13:11, 12 விளக்குகிறது.

ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆதியாகமம் 22-ஐ இதற்குப் பிறகு வாசிப்பதே நல்லது என்பது என் கருத்து. ‘தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?’ என்ற ஈசாக்கின் கேள்வி அப்போதுதான் முழு எடையோடு விழும். அங்கே புதரில் சிக்கிக் கிடைத்தது ஆட்டுக்கடா. பிள்ளையைப் பலியிடுவதைத் தேவன் விரும்பினாரா என்று யாராவது கேட்டால் உபாகமம் 12:31-ஐயும் எரேமியா 7:31-ஐயும் திறந்து காட்டுங்கள். அப்படி ஒரு எண்ணம் தம் மனதில் தோன்றவேயில்லை என்கிறார் கர்த்தர். யூதர்கள் இந்தப் பகுதியைத் தங்கள் புத்தாண்டு ஆராதனையில் இன்றும் வாசிக்கிறார்கள். இது முதலில் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட வேதம். அவர்களைத் தாழ்த்திப் பேசித்தான் கிறிஸ்துவை உயர்த்த வேண்டும் என்ற பழக்கத்தை வகுப்புக்குள் விடாதீர்கள்.

தீர்க்கதரிசிகளைச் சுருக்கமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஓசியா 6:6 போதும். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற அந்த வார்த்தையை இயேசு மத்தேயு 9-லும் 12-லும் எடுத்துச் சொல்கிறார்.

பிறருடைய பாவங்களுக்காகப் பாடுபடும் ஒரு தாசனைப் பற்றிய ஏசாயா 53-க்கு மட்டும் ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள். பதில்களோடு வராதீர்கள். ‘தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்?’ என்று எத்தியோப்பிய மந்திரி அப்போஸ்தலர் 8-இல் கேட்கும் கேள்வியை வகுப்பிலுள்ளவர்களே கேட்கும்வரை பொறுத்திருங்கள். கேட்ட பிறகு, அந்த மந்திரிக்குப் பதில் சொன்ன பிலிப்பைப்போல அந்த வசனத்திலிருந்தே இயேசுவைச் சொல்லத் தொடங்கலாம். பென்சிலால் கோடிட்ட யாத்திராகமம் 12:46-ஐ யோவான் 19:36-ஓடு சேர்த்து வாசிக்கவும் இதுதான் வேளை.

எபிரெயர் நிருபத்தைக் கடைசியில் வையுங்கள். 10:11-இல் ஆசாரியன் நாள்தோறும் நின்று அதே பலிகளைச் செலுத்துகிறான். 12-ஆம் வசனத்தில் கிறிஸ்து ஒரே பலியைச் செலுத்தி, தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்காருகிறார். இந்த வித்தியாசத்தை நீங்களே சொல்லிவிடாமல், எல்லோரையும் யாத்திராகமம் 25 முதல் 30 வரை திருப்பி, கூடாரத்துக்குள் இருந்த பொருட்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். மேஜை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு, பெட்டியும் அதன்மேல் கிருபாசனமும் உண்டு. ஆசாரியன் உட்கார ஒரு இருக்கை எங்கே என்று தேடட்டும். தேடி முடித்த பிறகு எபிரெயர் முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். மூன்றாம் வசனத்திலேயே அவர் உட்கார்ந்துவிடுகிறார்.