இந்தச் சிலிண்டர் எந்த ரிவால்வருக்கு? மாறிப்போகாமல் வைத்துக்கொள்ளும் முறை

ஒரே மாடலில் இரண்டு ரிவால்வர், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுச் சிலிண்டர் (தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளை) என்று வைத்திருந்தால், என்றைக்காவது ஒருநாள் அவை கலந்துவிடும். எனக்குக் கலந்தது. நான்கையும் ஒரே துணியில் பரப்பித் துடைத்தேன். திரும்பப் பூட்டும்போது எது எதனுடையது என்று தெரியவில்லை. எதை எடுத்து எதில் போட்டாலும் அழகாக உட்கார்ந்தது. எனக்குப் பயம் வந்ததே அதைப் பார்த்துத்தான்.

உட்காருவது வேறு, பொருந்துவது வேறு. சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் (குண்டு வெளியேறும் குழாயின்) பின்நுனிக்கும் நடுவில் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் சந்துதான் இருக்கும். சிலிண்டரில் தோட்டா நுழையும் துளையான ஒவ்வொரு அறையும் பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளவும் வேண்டும். இதையெல்லாம் தொழிற்சாலையில் அந்தந்தத் துப்பாக்கியில் வைத்துப் பார்த்துத்தான் சரிசெய்கிறார்கள். அறை கொஞ்சம் விலகி நின்றாலும் குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். அருகில் நிற்பவரின் முகத்தில் படும்.

படி 1: தோட்டாக்களை வீட்டில் வேறு ரூமில் வையுங்கள். லோடிங் கேட்டை (தோட்டா போடும் சிறு கதவை) திறந்து, சிலிண்டரை ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள்.

படி 2: மேசையில் ஒரு துப்பாக்கி மட்டும் இருக்கட்டும். அடுத்தது பெட்டியை விட்டு வரவே கூடாது. சிலிண்டர் சுழலும் அச்சான பேஸ் பின்னை இழுத்துச் சிலிண்டரை வெளியே எடுங்கள்.

படி 3: எண்ணைத் தேடுங்கள். ரூகர் சிங்கிள்-சிக்ஸ் போன்ற, இருவகைத் தோட்டாவுக்கு இரண்டு சிலிண்டர் தரும் மாடல்களில், கூடுதல் சிலிண்டரின் முன்முகத்தில் துப்பாக்கியின் சீரியல் நம்பரின் கடைசி மூன்று இலக்கங்களைப் பெரும்பாலும் கீறியிருப்பார்கள். அச்சடித்ததுபோல் பளிச்சென்று இருக்காது. கையால் கிறுக்கியதுபோல் மெலிதாக இருக்கும். சுட்ட கரியும் அந்த முகத்தில்தான் படியும் என்பதால், "எண்ணே இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கரைப்பானில் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, சிலிண்டரை மெல்லத் திருப்புங்கள். என்னுடையதில் மூன்றாவது தடவை துடைத்த பிறகுதான் ஒரு '7'-இன் கால் தெரிந்தது.

படி 4: உண்மையிலேயே எண் இல்லையென்றால், காலித் துப்பாக்கியில் ஹாமரை (பின்னால் உள்ள சுத்தியலை) மெதுவாக இழுங்கள். அது முழுதாகப் பின்னால் போய் நிற்கும் நேரத்தில் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைக்கும் இப்படிப் பாருங்கள். ஃபீலர் கேஜால் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) பேரலுக்கு முன்னுள்ள சந்தின் அளவையும் பார்த்து எழுதுங்கள். ஓர் அறை தவறினாலும் அந்த ஜோடி வேண்டாம். எல்லாம் தேறினாலும்கூட, துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணரிடம் காட்டாமல் சுடாதீர்கள். தோட்டாவின் பின்பக்க இடைவெளியை அளக்க அவரிடம்தான் கருவி இருக்கும்.

படி 5: அடையாளம். ஆணி உளியால் எண் குத்த வேண்டாம். குத்திய இடத்தைச் சுற்றி உலோகம் மேடாக எழும்பும். அந்தச் சிறு சந்தில் அதற்கு இடமில்லை. ஃபிரேமில் (துப்பாக்கியின் உடற்சட்டத்தில்) உள்ள சீரியல் நம்பரை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அது சட்டச் சிக்கல். சிலிண்டரின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஒரு துளி நெயில் பாலிஷ் போதும், ஜோடிக்கு ஒரு நிறம். கரைப்பான் பட்டால் அது அழியும் என்பதால், பையில் அட்டையும் கட்டுங்கள். தோல் பை வேண்டாம். ஈரம் பிடித்துத் துரு ஏற்றும்.

அட்டையில் எண்ணோடு தோட்டாவின் பெயரையும் எழுதுங்கள். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவின் கூடு சுமார் 5.7 மில்லிமீட்டர் விட்டம், .22 மேக்னம் கூடு சுமார் 6.1. அதனால் மேக்னம் சிலிண்டருக்குள் எல்.ஆர். தோட்டா தொளதொளவென்று இறங்கிவிடும். சுட்டால் கூடு பிளந்து, புகையும் தூளும் பின்பக்கமாகச் சுடுபவர் மேலேயே வரும்.

படி 6: பூட்டும்போது சிலிண்டரின் மூன்று இலக்கத்தையும் ஃபிரேமின் கடைசி மூன்று இலக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டும் ஒன்றானால் பேஸ் பின்னைப் போட்டு, காலியாகவே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.