கூத்துச் சீட்டுக்கட்டு: பணம் திரட்ட முன்னர் ஆறு தாள்

மட்டக்களப்புக் கூத்தை வைத்து ஒரு சீட்டு விளையாட்டு செய்கிறீர்களா? வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிகள், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மத்தளம், சல்லரி என்ற தாளம் என்று கரு நம்மிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் ஓவியருக்குக் காசு கொடுக்க முன்னர் மாதிரிக்கட்டு ஒன்று செய்யுங்கள். 63க்கு 88 மில்லிமீற்றர் சீட்டு, ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். 54 சீட்டுக்கு ஆறு தாள் போதும். வெட்டி, 304 என்ற சீட்டாட்டம் விளையாடிய பழைய கட்டில் ஒட்டுங்கள்.

அப்புறம் கல்லடிக் கடற்கரையில் முன்பின் தெரியாத நாலு பேரிடம் விதித்தாளோடு கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் பாருங்கள். அவர்கள் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். எனக்கு இதைவிட நல்ல ஆசான் கிடைக்கவில்லை.

பலரிடம் பணம் திரட்டும் இணையத்தளமான கிக்ஸ்டார்ட்டரில் இலக்குத்தொகை முழுதாகச் சேராவிட்டால் ஒரு சதமும் வராது. சேர்ந்தால் 5 சதவீதம் அவர்களுக்கு, பணப்பரிமாற்றக் கட்டணம் வேறு. இலங்கையிலிருந்து நேரடியாகத் தொடங்க முடியாது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருக்கும் உறவினர் ஒருவரை உண்மையான பங்காளியாகச் சேர்க்க வேண்டும்.

விலை போட முன்னர் கட்டைப் பெட்டியோடு எடை நிறுத்து, தபால் செலவைக் கேட்டுவிடுங்கள். பலர் கையைச் சுட்டுக்கொள்வது அங்கேதான்.