கோடிங் தெரியாமலே வூகாமர்ஸ் கடையை நம் விருப்பப்படி மாற்றுவது எப்படி?

வேர்ட்பிரஸ் போட்டாயிற்று, அதை ஆன்லைன் கடையாக மாற்றும் வூகாமர்ஸ் பிளகினும் ஏற்றியாயிற்று. ஆனால் தளத்தைத் திறந்தால் யாருடைய கடையோ போல இருக்கிறதா? இதைச் சரிசெய்ய ஒரு வரி கோடு கூட எழுத வேண்டாம். எதை எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரிய வேண்டும். தொடங்கும் முன் முழுத் தளத்தையும் ஒருமுறை பேக்அப் எடுத்துவிடுங்கள்.

தோற்றம்: ஒரே இடத்தில் மாற்றுங்கள்

இடப்பக்க மெனுவில் ‘அப்பியரன்ஸ்’ திறங்கள். உள்ளே ‘எடிட்டர்’ இருந்தால் உங்களுடையது பிளாக் தீம், அதாவது பட்டன், படம், பத்தி என ஒவ்வொரு துண்டையும் (பிளாக்) எடிட்டரிலேயே மாற்றக்கூடிய தோற்ற வார்ப்பு. ‘கஸ்டமைஸ்’ மட்டும்தான் இருக்கிறது என்றால் பழைய வகைத் தீம். அப்படியானால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அல்லது ட்வென்டி ட்வென்டி-ஃபோர் போன்ற இலவச பிளாக் தீமுக்கு மாறிக்கொள்ளலாம்.

எடிட்டருக்குள் ‘ஸ்டைல்ஸ்’ போங்கள். எழுத்துரு, நிறம், பக்க அகலம் எல்லாம் அங்கேதான். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொரு பக்கமாகப் போய் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக நிறம் கொடுப்பது. இருபது பட்டன் ஆன பிறகு மனம் மாறினால் இருபதையும் மறுபடி தொட வேண்டும். ஸ்டைல்ஸில் ‘கலர்ஸ்’ கீழ் பட்டன் நிறத்தை ஒருமுறை கொடுத்தால் தளம் முழுக்க மாறிவிடும்.

மாற்றியும் ஒரே ஒரு பட்டன் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கிறதா? அதற்கு முன்பே தனி நிறம் கொடுக்கப்பட்டிருக்கும். பிளாக்குக்குக் கொடுத்த தனி நிறம் பொது நிறத்தை மிஞ்சும். அந்த பட்டனைத் தேர்ந்து, வலப்பக்கப் பலகையில் அதன் நிறத்தை ‘ரீசெட்’ செய்தால் வழிக்கு வந்துவிடும்.

வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) வேண்டும். ‘படிக்கக் கடினமாக இருக்கலாம்’ என்று எடிட்டர் எச்சரித்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

பொருட்களின் படங்களைப் பதிவேற்றும் முன்பே சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். 1200×1200 பிக்சல் தாராளம். கடைப் பட்டியலில் படங்கள் இயல்பாகவே சதுரமாக வெட்டப்படும் என்பதால், நெட்டையான படம் போட்டால் தலையோ காலோ காணாமல் போகும்.

அளவும் நிறமும் உள்ள பொருள்

அதிகம் பேர் திணறும் இடம் இதுதான். மூன்று அளவு, நான்கு நிறத்தில் ஒரு டி-ஷர்ட் என்று வைத்துக்கொள்வோம்.

1. பொருளைத் திருத்தும் பக்கத்தில் ‘புராடக்ட் டேட்டா’ பெட்டியில் ‘வேரியபிள் புராடக்ட்’ தேர்ந்தெடுங்கள்.
2. ‘ஆட்ரிபியூட்ஸ்’ பகுதியில் ‘அளவு’ என்று பெயர் கொடுத்து, மதிப்புகளை நெடுக்குக் கோட்டால் பிரித்து எழுதுங்கள்: சிறியது | நடுத்தரம் | பெரியது. நிறத்துக்கும் இதே போல.
3. இரண்டிலும் ‘யூஸ்ட் ஃபார் வேரியேஷன்ஸ்’ டிக் செய்து, சேமியுங்கள். டிக் விட்டுப்போனால் அடுத்த படியில் ஒன்றும் உருவாகாது.
4. ‘வேரியேஷன்ஸ்’ பகுதியில் ‘ஜெனரேட் வேரியேஷன்ஸ்’ அழுத்துங்கள். 3×4, மொத்தம் 12 வரிசைகள் வரும்; ஒவ்வொன்றும் ஒரு அளவும் ஒரு நிறமும் சேர்ந்த ஒரு வேரியேஷன்.
5. மேலே உள்ள ‘பல்க் ஆக்‌ஷன்ஸ்’ மூலம் பன்னிரண்டுக்கும் ஒரே தடவையில் விலை கொடுங்கள்.

ஐந்தாவது படியை மறந்தால் எந்தப் பிழையும் திரையில் கத்தாது. விலை இல்லாத வேரியேஷன் கடையில் தெரியாது, அவ்வளவுதான். ‘பெரியது, கறுப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது’ என்றால் முதலில் அந்த வரிசையின் விலைக் கட்டத்தைப் பாருங்கள்; பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

டெலிவரி கட்டணம்

‘வூகாமர்ஸ் → செட்டிங்ஸ் → ஷிப்பிங்’ போய் ஷிப்பிங் சோன் (டெலிவரி பகுதி) சேருங்கள். வாடிக்கையாளரின் முகவரியை வூகாமர்ஸ் பட்டியலின் மேலிருந்து கீழாக ஒப்பிடும். முதலில் பொருந்தும் சோனோடு நின்றுவிடும். அதனால் நாடு முழுவதற்குமான சோனை மேலே வைத்து, உங்கள் நகரத்துக்கான சோனைக் கீழே வைத்தால், நகரத்துக்கான குறைந்த கட்டணம் ஒருபோதும் வராது. சிறிய பகுதி மேலே, பெரிய பகுதி கீழே என இழுத்து வையுங்கள்.

‘ஃபிளாட் ரேட்’ கட்டணக் கட்டத்தில் வெறும் எண் மட்டுமல்ல, சின்னக் கணக்கும் எழுதலாம். அடிப்படைக் கட்டணம் 40, ஒவ்வொரு பொருளுக்கும் 10 கூடுதல் என்றால் ‘40 + (10 * [qty])’. சதுர அடைப்புக்குள் இருப்பதை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். செக்அவுட்டில் டெலிவரி கட்டணமே கேட்கவில்லை என்றால் பொருளில் ‘விர்ச்சுவல்’ டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

திறக்கும் முன்

பணம் பெற ஸ்டிரைப் வைத்திருந்தால் அதை டெஸ்ட் மோடில் போட்டு, 4242 4242 4242 4242 என்ற கார்டு எண்ணுடன், இனி வரப்போகும் ஏதோ ஒரு காலாவதித் தேதியும் சிவிசி கட்டத்தில் எந்த மூன்று இலக்கமும் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். பிறகு 4000 0000 0000 0002 கொடுங்கள். அது மறுக்கப்பட வேண்டும். மறுக்கப்படும்போது வாடிக்கையாளருக்கு என்ன செய்தி தெரிகிறது என்பதையும் படித்துப் பாருங்கள். கேஷ் பிளகின் (பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டுவது) இருந்தால் கார்ட், செக்அவுட், மை அக்கவுன்ட் பக்கங்களை அதிலிருந்து விலக்குங்கள். இல்லாவிட்டால் போட்ட பொருள் கூடையில் தெரியாமல் போகும்.

கடைசியாக ‘வூகாமர்ஸ் → செட்டிங்ஸ் → சைட் விசிபிலிட்டி’. அங்கே ‘கமிங் சூன்’ இருந்தால் ‘லைவ்’ ஆக்குங்கள். லாகின் செய்திருக்கும் உங்களுக்குக் கடை எப்போதும் தெரியும் என்பதால், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்த்த பிறகே லிங்க்கைப் பகிருங்கள்.