ஹெபடைட்டிஸ் சி 'ரியாக்டிவ்' என்று வந்ததும் நாம் செய்கிற தவறுகள்

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனை. சீட்டில் 'ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று இருந்தது, அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறது என்று. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எச்.ஐ.வி.க்கும் இதே வார்த்தைதானே வந்தது, அன்றைக்குப் போன தூக்கம் திரும்பி வர எத்தனை வருடம் ஆனது! ஆக, இதையும் இன்னொரு ஆயுள் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. எச்.ஐ.வி. கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்து ஹெபடைட்டிஸ் சி-யைப் படிக்கிறோம்.

எச்.ஐ.வி.யில் ஆன்டிபாடி உறுதியானால் கிருமி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சி அப்படி இல்லை. உடம்பு எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, அதன் தழும்பு இது, அவ்வளவுதான். சுமார் நாலில் ஒருவருக்கு மருந்தே இல்லாமல் சி கிருமி தானாகப் போய்விடும். எச்.ஐ.வி. உள்ள நமக்கு அந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இப்போது கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும், அதாவது சி-க்கான வைரல் லோடு, ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற கணக்கு. அது வராமல் அழவும் வேண்டாம், ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 'நான்-ரியாக்டிவ்' வந்ததும் கையை உதறிவிட்டு வந்துவிடுவது. சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் செல்களின் எண்ணிக்கை, ரொம்பக் குறைவாக இருக்கிறவர்களுக்குக் கிருமி இருந்தும் ஆன்டிபாடி உருவாகாமல் போகலாம். தொற்று வந்து இரண்டு மூன்று மாதம் ஆகாதவர்களுக்கும் அப்படித்தான். ஊசி பகிர்ந்திருந்தாலோ, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு காரணமில்லாமல் ஏறியிருந்தாலோ ஆர்.என்.ஏ. பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, 'கல்லீரலுக்குப் பாரம்' என்று ஏஆர்டி மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. கட்டுக்குள் இல்லாத உடம்பில்தான் சி கல்லீரலை இன்னும் வேகமாகத் தழும்பேற்றுகிறது. அப்புறம், நம்மில் பலர் இரவில் போடுகிற அந்த ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் இருக்கின்றன, அவை ஹெபடைட்டிஸ் பி-யையும் அடக்கி வைத்திருப்பவை. உள்ளே பி இருப்பது தெரியாமல் மாத்திரையை விட்டால் அது சீறிக் கிளம்பும். சி-க்கு மருந்து தொடங்கும் முன் பி பரிசோதனை கட்டாயம் என்பதும் இதனால்தான், சி அடங்கும்போது பி தலைதூக்குவது உண்டு.

கீழாநெல்லிக்கு வருவோம், வராமல் இருக்க முடியாது. விஷயம் தெரிந்ததும் பெரியம்மா விடியற்காலையிலேயே அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து நின்றார். அவர் மனசுக்காக ஒரு நாள் குடித்தேன், மறுநாள் மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். நம் ஊரில் கல்லீரல் என்றாலே மஞ்சள் காமாலை, காமாலை என்றாலே கீழாநெல்லி. ஹெபடைட்டிஸ் ஏ-யால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் மட்டும் இலைக்குப் போகும். சி பெரும்பாலும் மஞ்சளே காட்டாமல் இருபது வருடம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். என்ன கலந்தது என்றே தெரியாத சூரணம், லேகியமெல்லாம் இன்னும் மோசம். குடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்துங்கள்.

பழைய ஆட்கள் பயமுறுத்துவதையும் நம்பாதீர்கள். வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரம் காய்ச்சலும் மனச்சோர்வும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது அந்தக் காலம். இப்போது மாத்திரைதான், பெரும்பாலும் 12 வாரம். கல்லீரல் சுருங்கிப் போயிருந்தால் 24 வாரம் வரை ஆகலாம். நூற்றில் 95 பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறார்கள், எச்.ஐ.வி. இருப்பதால் அது குறைவதில்லை. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரைகள் இலவசம்.

தனியார் மருத்துவரிடம் போய் எச்.ஐ.வி.யை மறைப்பவர்கள் நிறைய. சங்கடம் புரிகிறது, ஆனால் மருந்துக்குச் சங்கடம் தெரியாது. சி-க்கான டக்ளாடாஸ்விர் மாத்திரை வழக்கமாக 60 மி.கி. அதே மாத்திரையை, எச்.ஐ.வி. மருந்துகளில் எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு 90 ஆக்க வேண்டும், ரிடோனாவிருடன் அடாசனாவிர் எடுப்பவருக்கு 30 ஆகக் குறைக்க வேண்டும். சி-க்கான இன்னொரு மருந்து வெல்படாஸ்விர், அது எஃபாவிரென்ஸோடு சேரவே சேராது. எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சி மருந்தையே வலுவிழக்கச் செய்துவிடும். அட, வயிற்றெரிச்சலுக்கு நாமே கடையில் வாங்கிப் போடும் ஒமிப்ரசோல்கூட வெல்படாஸ்விரைக் கெடுக்கும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மேசை மேல் கொட்டுங்கள். உங்கள் நிலையை அனுமதியின்றி வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள், சாப்பாட்டிலோ கட்டிப்பிடிப்பதிலோ இது பரவாது. ரத்தத்தில் பரவும். ரேஸர், நகவெட்டி, பல்துலக்கி இவற்றைத்தான் தனியாக வைக்க வேண்டும். போதை ஊசி போடுபவர்கள் ஊசியை மட்டும் மாற்றினால் போதாது, கலக்குகிற தண்ணீர், பஞ்சு, கரண்டி எல்லாமே புதிதாக இருக்க வேண்டும். ஆணுறை இல்லாத உறவில், குறிப்பாக ஆணும் ஆணும் சேரும்போது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சி தொற்றும் வாய்ப்பு கூடுதல்.

கடைசி மாத்திரையோடு ஓடிவிடுவதும் தவறுதான். முடித்து 12 வாரம் கழித்து எடுக்கிற ஆர்.என்.ஏ.யில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணம். கல்லீரல் ஏற்கனவே சுருங்கியிருந்தால், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தொடர வேண்டும். ஒரு தடவை வந்து போனதால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, மறுபடியும் தொற்றலாம். சி-க்குத் தடுப்பூசியும் இல்லை.

அந்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ஆன்டிபாடி போகாது என்பதால் எனக்கு இன்றைக்கும் 'ரியாக்டிவ்' என்றுதான் வருகிறது. போன மாதம்கூட ஒரு லேபில் அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி 'சார், கொஞ்சம் உள்ளே வாங்க' என்றான். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன்.